வெள்ளிக்கிழமை இறால் வந்து சேருமா?

(காட்சி: இராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் ஊரின் மீன் இறங்குதளம், விடியற்காலை)

வெள்ளிக்கிழமை காலை நூறு கிலோ இறால் வேண்டும் என்று மதுரை ஓட்டலிலிருந்து ஆர்டர் வருகிறது. மண்டபத்து வியாபாரி "அனுப்பிவிடலாம்" என்கிறார். அந்தச் சொல் நிற்க, படகு கரை சேர வேண்டும், ஏலம் படிய வேண்டும், ஐஸ் கிடைக்க வேண்டும், தரம் பிரித்துப் பெட்டி கட்ட வேண்டும், வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

(திரையில்: ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 95)

ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: ஐந்தும் ஒருசேரச் சரியாக அமைவது நூற்றுக்கு 77 முறைதான். யாரும் சோம்பியிருக்கவில்லை, ஆனாலும் ஏறக்குறைய நான்கில் ஓர் ஆர்டர் தவறுகிறது.

(காட்சி: கரையில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள்)

பழியைத் தூக்கி மீன்பிடித் தடைக்காலத்தின் மேல் போடுவார்கள். அது நியாயமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது முன்பே தெரிந்த கணக்கு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகலாம் என்பதும் ஊரறிந்த முறை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று காற்று பலக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது. திட்டத்தைக் குலைப்பது இதுதான்.

வாங்குபவரின் பக்கம் நின்று பார்ப்போம். ஒரு வியாபாரி எப்போதும் மூன்று நாள் எடுக்கிறார். இன்னொருவர் ஒரு நாளில் அனுப்புவார், சில சமயம் ஐந்து நாளும் ஆக்குவார். சராசரி ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாமவரை நம்பும் ஓட்டல் கூடுதல் சரக்கை எப்போதும் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அந்த மின்சாரச் செலவு யார் பில்லிலும் தெரியாது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இந்தத் தலைவலி குறைவு. காய்ந்த வற்றலைக் கிடங்கில் அடுக்கி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கலாம். பச்சை இறாலுக்கு அந்த வசதி ஏது? உறைய வைத்தால் நாள் தாங்கும். ஆனால் பச்சை இறால் கேட்டவர் அதை வாங்கமாட்டார்.

(காட்சி: வியாபாரியின் ஆர்டர் நோட்டு)

ஆகவே சில வியாபாரிகள் ஆர்டரை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: "அறுபது கிலோ உறுதி. மீதி நாற்பது, படகு கரைக்கு வந்த பிறகு போனில் சொல்கிறேன்." நூறும் தருவதாகச் சொல்பவரிடம் முதல் ஆர்டர் போய்விடலாம். ஆனாலும் மதுரையில் சமையல்காரர் உணவுப் பட்டியலை எழுதுவது அறுபதை வைத்துத்தான்.