தோசைக்கல்லில் சூடான சாண்ட்விச்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் வீட்டில் முதலில் மக்கர் பண்ணுவது இட்லி மாவு. ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காது. அப்புறம் சாயங்காலத்துக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு வழிதான் இன்றைக்குப் பேசப் போகிறேன். வீட்டிலிருக்கும் தோசைக்கல்லிலேயே சூடான சாண்ட்விச். மின்சார டோஸ்டர் தேவையில்லை. சீஸ் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை.

செலவை முதலில் பார்த்துவிடுவோம். நான்கு சாண்ட்விச்சுக்கு எட்டுத் துண்டு பிரெட் வேண்டும். 400 கிராம் பாக்கெட்டில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு கால் கிலோ, நடுத்தரமாக ஒரு கேரட், பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, வெண்ணெய் 40 கிராம். இதில் காசு போவது பிரெட்டுக்கும் வெண்ணெய்க்கும்தான். காய் சில்லறையில் முடிந்துவிடும், அதுவும் ஊட்டியை அடுத்த கேத்திப் பக்கத்து கேரட்டில் உடைந்தது, வளைந்தது என்று ஒதுக்கி வைத்ததை வாங்கினால். துருவப் போகிற கேரட்டுக்கு அழகு எதற்கு? ஆளுக்கொரு சீஸ் துண்டு வைத்தால், அந்த நான்கு துண்டின் விலை மற்ற எல்லாம் சேர்ந்த விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால் சீஸை ஒதுக்கிவைத்தே பேசுகிறேன். நேரம் இருந்தால் கடைசியில் அதற்கு வருகிறேன்.

வீட்டில் செய்கிற சாண்ட்விச் கெட்டுப்போவதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். பிரெட் சரியில்லை, கல் சரியில்லை, மசாலா போதவில்லை என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஈரம். உள்ளே வைக்கிற காயில் ஈரம், சட்னியில் ஈரம், கல்லிலிருந்து எடுத்த பிறகு தட்டில் ஈரம். இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் மலிவான பிரெட்டிலும் மொறுமொறுப்பு வரும். அடக்காவிட்டால் விலை கூடின பிரெட்டும் நமத்துத்தான் போகும். இந்த ஈரத்தைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பிப்போம். நறுக்கி வேகவைக்காதீர்கள். நறுக்கிய முகம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். தோலோடு முழுசாக, குக்கரில். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக நெடுநேரம் ஆகும், அதற்குள் தோல் வெடித்துத் தண்ணீரைக் குடித்துவிடும். குக்கரில் நான்கு விசில் போதும். பிரஷர் அடங்கியதும் தண்ணீரை வடித்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் தோலை உரித்து, இரண்டாகப் பிட்டு ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். ஐந்து நிமிஷம் ஆவி போகட்டும். அந்த ஆவி முழுக்கத் தண்ணீர்தானே! மூடி வைத்தால் அது கிழங்குக்கே திரும்பிவிடும். பிறகு கையால் மசியுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும்.

வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், கால் டீஸ்பூன் கடுகு. வெடித்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், அரை அங்குலம் இஞ்சி. வெங்காயம் கண்ணாடியானதும் நிறுத்திவிடாதீர்கள், ஓரம் லேசாகச் சிவக்கட்டும். அப்போதுதான் அதிலிருக்கும் நீர் போயிருக்கும். கேரட் துருவலைப் போட்டு, தீயைக் கூட்டி மூன்று நிமிஷம் வதக்குங்கள், மூடாமல். மூடினால் வேகும், ஆனால் நீர் உள்ளேயே நின்றுவிடும். கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு, மசித்த கிழங்கு, கிளறி இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு அரை மூடி, இறக்கிய பிறகுதான்.

இப்போது ஒரு பிடி உருண்டை பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசையுங்கள். ஏற்கெனவே வறுத்த பருப்பு என்பதால் பச்சை வாடை வராது, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலைமாவு போட்டால் பச்சை வாடை அடிக்கும். முட்டைகோஸ் சேர்க்கிறவர்கள் மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறி, பத்து நிமிஷம் கழித்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். ஒரு கிண்ணம் கோஸில் எவ்வளவு நீர் இறங்குகிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் பிழியாமல் போடவே மாட்டீர்கள்.

பம்பாயில் தெருவோரத்தில் சாண்ட்விச் போடுகிறவர்கள் பச்சைச் சட்னி தடவுவதற்கு முன்னால் வெண்ணெய் தடவுவார்கள். ருசிக்காக மட்டும் இல்லை. வெண்ணெயின் கொழுப்பு பிரெட்டின் மேல் ஒரு படலமாக நின்று சட்னியின் நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும். அந்தச் சட்னியையும் நம் தேங்காய்ச் சட்னி மாதிரித் தளர அரைக்க மாட்டார்கள். கொத்தமல்லி, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சையோடு ஒரு பிரெட் துண்டையோ கொஞ்சம் பொட்டுக்கடலையையோ சேர்த்துக் கெட்டியாக அரைப்பதுண்டு. கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது, விழவேண்டும். அந்தப் பதம்.

வெண்ணெய் என்றதும் குளிர்காலச் சங்கடம் ஒன்று. கல்லு மாதிரி இறுகிப்போன வெண்ணெயைத் தேய்த்தால் பிரெட் கிழியும். அதற்காக உருக்கி ஊற்றவும் கூடாது, உருகினது அப்படியே பிரெட்டுக்குள் இறங்கிவிடும், மேலே படலம் நிற்காது. கேரட் துருவிய துருவியிலேயே வெண்ணெயைத் துருவிக்கொள்ளுங்கள். அடுப்பு ஓரத்தில் ஐந்து நிமிஷம் இருந்தால் தடவ வாகாக இளகும். ஒரு துண்டு பிரெட்டுக்கு ஒரு டீஸ்பூன் அளவு, அதில் பாதி உள்பக்கம், பாதி வெளிப்பக்கம்.

பிரெட் எது? பேக்கரியில் ஸ்வீட் பிரெட், சால்ட் பிரெட் என்று இரண்டு இருக்கும். சால்ட் பிரெட் கேளுங்கள். சர்க்கரை அதிகமுள்ள பிரெட் சீக்கிரம் கறுத்துவிடும், உள்ளே சூடு ஏறுவதற்குள். நேற்றைய பிரெட் இன்றையதைவிட நல்லது, கத்திக்கு நிற்கும், கிழியாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி, வெளியே வைப்பதைவிட வேகமாக வறண்ட மாதிரி ஆகிவிடும். நாலு நாளுக்கு மேல் வைக்கவேண்டுமானால் ஃபிரீசரில் போடுங்கள், எடுத்து நேரே கல்லில் போட்டு டோஸ்ட் செய்யலாம். பூஞ்சை ஒரு புள்ளி கண்டாலும் அந்தப் பாக்கெட்டே வேண்டாம். ஓரத்தைக் கிள்ளிவிட்டுச் சாப்பிடுவது சிக்கனத்தில் சேராது.

சரி, அடுப்புக்கு வருவோம். வாணலியிலிருந்து இறக்கிய மசாலா வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். ஆவி பறந்தால் பிரெட்டை நனைக்கும், ஜில்லென்று இருந்தால் வெளியே கருகும்வரை உள்ளே சூடாகாது. ஒரு சாண்ட்விச்சுக்கு மூன்று டேபிள்ஸ்பூன், ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுப் பரப்புங்கள். கல்லை மிதமான தீயில் காயவைத்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், வெண்ணெய் கருகிவிடும். சுர்ரென்று இரண்டு மூன்று விநாடியில் வற்றினால் அதுதான் பதம். தோசைக்குக் காய்கிற சூடு இதற்கு ஆகாது.

தீயைச் சிறிதாக்கி சாண்ட்விச்சை வையுங்கள். மேலே ஒரு சின்னத் தட்டு, தட்டின்மேல் அரைச் சொம்பு தண்ணீர். அரை லிட்டர் தண்ணீர் என்றால் அரைக் கிலோ கனம், சொம்பின் கனம் வேறு. அது போதும். முழுச் சொம்பு வைத்தால் மசாலா ஓரத்தில் பிதுங்கிக் கல்லில் ஒட்டும். மூன்று நிமிஷம் கழித்துத் திருப்பிப்போட்டு மறுபடி சொம்பு, இந்தத் தடவை இரண்டு நிமிஷம். இரண்டாவது பக்கம் எப்போதும் வேகமாகச் சிவக்கும், கல் இன்னும் காய்ந்திருக்குமே. மூடி போடாதீர்கள். ஈரம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனே, மூடியிலிருந்து சொட்டுவதும் அதுதான்.

இதைவிட முக்கியமானது எடுத்த பிறகு. குளிர் நாளில் சில்லிட்ட எவர்சில்வர் தட்டில் சூடான சாண்ட்விச்சை வைத்தால் அடியில் ஆவி வேர்த்து அரை நிமிஷத்தில் நமத்துவிடும். ஐந்து நிமிஷப் பாடும் வீண். இடியாப்பத் தட்டு இருக்கிறதா? அதில் வையுங்கள், ஓட்டை வழியாக ஆவி கீழே போய்விடும். இல்லையென்றால் இரண்டு சாண்ட்விச்சை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்துங்கள். ஒரு நிமிஷம் ஆறவிட்டு, கத்தியை அழுத்தாமல் இழுத்து இழுத்து வெட்டுங்கள்.

கை டோஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இரண்டு அலுமினியத் தகடு கொக்கி போட்டு மூடுவது, அடுப்புத் தீயில் நேரே காட்டுவது. பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம், சின்னத் தீ. ஓரத்தைத் தானே அழுத்தி ஒட்டிவிடும் என்பதால் மசாலாவை இரண்டு ஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கொக்கி மாட்டாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சீஸையும் முட்டையையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு சாண்ட்விச்சுக்கு ஒரே ஒரு சீஸ் கட்டி, துருவி மசாலாவின் மேல் தூவினால் போதும். அப்போது மட்டும் கடைசி ஒரு நிமிஷம் மூடி போடலாம், உருகுவதற்காக. பன்னீரை நம்பி ஏமாறாதீர்கள், புளிப்பு விட்டுத் திரித்தது சூட்டில் இளகும், உருகாது. மீந்த சுண்டல் இருந்தால் மசித்து, வெங்காயம் சேர்த்து அப்படியே வைக்கலாம். முட்டையானால் ஆளுக்கு ஒன்று, பொடிமாஸாக நன்றாக உதிரும்வரை கிளறி, மிளகுத்தூள் போட்டு, தட்டில் கொட்டி ஆவி போனபிறகு வையுங்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளி மிளகு ரசம் ஒரு டம்ளர், அதைச் செய்வது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வணக்கம்.