திரைப் பிள்ளையும் மதுரைத் தமிழ் பேசட்டும்

தலைமை தாங்கும் இந்த ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் முதல்வர் அம்மா அவர்களே, மேலூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, நாளை ஆசிரியர்களாக வகுப்பறைக்குள் நுழையப் போகும் அன்புப் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆசிரியராகப் போகிறவர்கள் பாடம் எடுத்துப் பழகக் கணினித் திரையில் வகுப்பறை எப்படி நடக்கிறது, அதை நாம் எப்படித் தொடங்கலாம், அதில் யார் குரல் கேட்க வேண்டும்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பதும் பழக்கம்தான். ஆனால் யாரை வைத்துப் பழகுகிறோம்?

பயிற்சி மாணவனாக உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை சிலேட்டில் 35 என்று எழுதிக் காட்டினாள். தப்பு, பக்கத்தில் கடன் வாங்கு என்றேன். அவள் பேசாமல் நின்றாள். திரும்பச் சொன்னேன். குரலை உயர்த்திச் சொன்னேன். மணி அடித்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "சார், பெருசுல இருந்துதான சின்னதக் கழிக்கணும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?" ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. என் விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறாள்! 'எப்படிம்மா போட்டே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துக் காட்டியிருப்பேன். அந்த வாரத்தோடு பயிற்சி முடிந்தது. அவளிடம் நான் திரும்பிப் போகவே இல்லை.

திரை வகுப்பில் திரும்பிப் போகலாம். அமெரிக்காவில் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான 'டீச்லைவ்' அப்படிப்பட்டது. திரையில் கணினி உருவாக்கிய சில பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் மறைவில் இருந்து அவர்களுக்காகப் பேசுவார். அந்த 35-ஐ அவர் வேண்டுமென்றே சொல்லலாம். கேள்வி கேட்டுக் கேட்டு அதன் வேரைப் பிடிக்க வேண்டியது நீங்கள். சொதப்பினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். எந்தப் பிள்ளை மனமும் நோகாது.

எப்படித் தொடங்குவது என்பது அப்புறம். ஊர் ஊராக நான் சொல்லிவருவதற்கு வருகிறேன். அந்தத் திரைப் பிள்ளை ஆங்கிலமோ பாடப்புத்தகத் தமிழோ பேசினால் நமக்குப் பாதிப் பயன்தான். மாட்டுத்தாவணியில் பூ விற்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிற பிள்ளை கடனா வாங்குகிறது? '27-க்கு மேல 3, முப்பது, அப்புறம் 20, ஐம்பது, இன்னும் 2, ஆக 25' என்று ஏறிப் போகிறது. அதுவும் சரியான கணக்குதான். திரைப் பிள்ளையும் அப்படிப் போட வேண்டும், அந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். நாப்பழக்கம் என்பது இந்த நாவின் பழக்கம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர் இது. இங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பேன்?

மறைவில் இருந்து பேச ஆள் வேண்டுமா? காலமெல்லாம் சின்ன வகுப்பு எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். மென்பொருள் வரும்வரை செல்போன் வீடியோ அழைப்பிலேயே தொடங்கலாம். முதல்வர் அம்மா, சனிக்கிழமைகளில் ஒரு அறையை மட்டும் திறந்துவிடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்களே, வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் உங்கள் பெயரையும், எந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சு உங்களுக்குப் பழக்கம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.