வாசல் பக்கம் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரே அமர்ந்திருக்கும் மேசை அணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கதை வற்றிப்போன எழுத்தாளருக்கு ஊற்றுக்கண்ணை மறுபடி திறந்துவிடுவது மேசையா, வாசலா? இதுதான் தலைப்பு. நான் வாசல் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா மேசைக்காக அழகாக வாதாடினார்கள். தினமும் உட்கார், வந்தாலும் வராவிட்டாலும் எழுது, கை ஓடினால் மனசு பின்னாலேயே வரும் என்றார்கள். சாட்சிக்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிராலப்பை அழைத்து வந்தார்கள். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். உண்மைதான். தன்வரலாற்றில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அக்கா, அவருக்குக் கதை நின்றுபோன காலத்தை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! முதல் மூன்று நாவல்களும் விலைபோகவில்லை. எழுதிய நாடகமும் தேறவில்லை. அந்த நேரத்தில், 1851-ல், மேற்கு இங்கிலாந்துக் கிராமங்களுக்குத் தபால் எந்த வழியில் போகவேண்டும் என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி குதிரை மேல்தான். தனித்துக் கிடக்கும் பண்ணை வீடு, பாதிரியார் வீடு என்று வாசல் வாசலாகப் போய் நின்று, உங்களுக்குக் கடிதம் எப்படி வருகிறது என்று கேட்பதுதான் வேலை. எழுத நேரமே இல்லை. அப்படி அலைந்துகொண்டிருந்தபோது, 1852-ல் ஒரு கோடை மாலையில், சாலிஸ்பரி பேராலயத்தைச் சுற்றி நடந்தார். அங்கேதான் அவருக்குள் ஒரு கதை வந்து விழுந்தது. மறு வருடம்தான் அதை எழுதவே உட்கார்ந்தார். 1855-ல் ‘தி வார்டன்’ வெளிவந்தது. அதில் தொடங்கி ஆறு நாவல்கள். ஒரு கற்பனை மாவட்டமே எழுந்து நின்றது. அக்கா, நீங்கள் சொன்ன கடிகாரம் கதையை அளந்திருக்கலாம். கதை வந்தது குதிரை போன வழியில்! உங்கள் சாட்சி எங்கள் சாட்சி, நடுவர் அவர்களே.

நம் ஊருக்கு வருகிறேன். 2015 ஜனவரியில் ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று முகநூலில் அவரே அறிவித்தார். அன்று அதைப் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அது வற்றியதல்ல, ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் அடைக்கப்பட்டது. இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் திறந்த விதத்தைப் பாருங்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, எழுதுங்கள் என்றது. அந்த வருடமே நாவல் வந்துவிட்டது: ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்ற நிலையில் அவர் கையில் எடுத்தது ஒரு வெள்ளாட்டுக்குட்டியை. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக்குட்டி. திருச்செங்கோட்டுப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவருக்கு ஆட்டின் கனைப்பும் தழை கடிக்கிற சத்தமும் யார் சொல்லித்தர வேண்டும்? மேசை கொடுத்ததல்ல அது, மேய்ச்சல் கொடுத்தது!

மௌனமாக இருந்த காலத்தில் அவர் கவிதைகள் எழுதினாரே, அது மேசைதானே என்று அடுத்து வரும் தம்பி கேட்கக்கூடும். எழுதினார். ‘கோழையின் பாடல்கள்’ என்று புத்தகமாகவும் வந்தது. மேசையை நான் உடைக்கச் சொல்லவில்லை, தம்பி. உலை வைக்க அடுப்பு வேண்டும்தான். அரிசி எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

இதைப் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. நானும் சிறுகதை எழுதுகிறவன். இடையில் 11 மாதம் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. அக்கா சொன்ன வைத்தியத்தைத்தான் செய்தேன். விடியற்காலை நாலரைக்கு அலாரம், விளக்கு, நோட்டு. இதோ, அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ‘மழை வலுத்தது.’ அடித்திருக்கிறேன். அடுத்த பக்கத்திலும் ‘மழை வலுத்தது.’ அடித்திருக்கிறேன். புரட்டிக்கொண்டே போனால் இதேதான். வெளியே அப்போது பங்குனி வெயில். நான் பார்க்காத மழையை, யார் மேலும் விழாத மழையை எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த மேசையிலிருந்து எழும்போது, நேற்றைவிட இன்னும் கொஞ்சம் தோற்றுப்போய்த்தான் எழுந்தேன். மேசை அணி நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வாங்க வேண்டும்: காலியாக இருப்பவரை மேலும் உட்காரவைத்தால் கதை வராது, பயம்தான் வரும்.

ஒருநாள் நோட்டை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே பூக்காரம்மா ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அன்று அந்த இடத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பெண். கனகாம்பரமும் மல்லியும் மாற்றி மாற்றிக் கட்டியிருந்தது. ரெண்டு மொழம் கேட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சரத்தைப் பிடித்து அளந்தாள். அளந்த இடத்தில் நறுக்கவில்லை. அதற்கு மேல் ரெண்டு விரலை வைத்துப் பார்த்து, அங்கே நறுக்கினாள். அடுத்த மொழத்துக்கும் அதேபோல.

“ஏம்மா கூடக் குடுக்கற?” என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அம்மா கை நீளம்ணா. எல்லாருக்கும் அந்த மொழந்தான் பழக்கம்” என்றாள்.

அம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை. வாழையிலையில் மடித்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அன்று ராத்திரி நானும் மேசையில்தான் உட்கார்ந்தேன், அக்கா. அந்த நோட்டின் கடைசிப் பக்கம் இது. அடித்தல் இல்லை. முதல் வரி: ‘மகளின் கைக்கு ரெண்டு விரல் பற்றவில்லை.’

நன்றி, வணக்கம்.