மேடையைக் கோணலாக்கியவன்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பல வருடமாகக் கேரம் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பே தோல்விக்குச் சாக்குத் தேடி வைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மலாய்க்காரர்களும் இதையே தரை மேடுபள்ளம் என்று சொல்வார்கள். ஆனால் நான் சொல்லும் ஆட்கள் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். மேடையை முதல் நாள் ராத்திரி தாங்களே கோணலாக்கிவிட்டு ஏறுகிறவர்கள்.

ஒரு தீபாவளிப் போட்டி. அரையிறுதியில் ஒரு பையனின் எதிராளி சிவப்பைப் போட்டுவிட்டு, அதைத் தனதாக்க உடனே போட வேண்டிய கவர் காயை எடுக்கத் தவறினார். அதனால்தான் அந்தப் பையன் ஜெயித்தான். அது அவனுக்கும் தெரியும். ஆனால் மண்டபமே 'பிறவி ஆட்டக்காரன்' என்று அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மறுநாள் இறுதியாட்டத்துக்கு வலது ஆள்காட்டி விரலில் தடிமனாகப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தான். "கத்தி பட்டிருச்சு அங்கிள்" என்றான். நடுவிரலால் ஸ்ட்ரைக்கரைத் தட்டினான், தோற்றான். "பாவம், விரல் மட்டும் நல்லா இருந்திருந்தா!" என்று எல்லோரும் தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

அப்புறம் மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் அவன் பிளாஸ்டரைப் பிரிப்பதைப் பார்த்தேன். வியர்வையில் ஊறி விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை, இன்றைக்கும் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை, பயந்த பிள்ளை. முந்தின நாள் கிடைத்த பெயர் மறுநாள் போய்விடுமோ என்ற பயம்.

1978இல் அமெரிக்காவில் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, 'பிரமாதமாகச் செய்தீர்கள்' என்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளைக் காட்டினார்கள்: ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று. எப்படிச் சரியாகச் செய்தோம் என்றே தெரியாமல் பாராட்டு வாங்கிய ஆண்களில் பலர், மந்தமாக்கும் மருந்தையே கேட்டார்கள்! கவனியுங்கள், திட்டு வாங்கியவர்கள் இல்லை, பாராட்டு வாங்கியவர்கள். நம் பையனுக்கு நடந்ததும் இதுதானே? எதிராளியின் தவறால் ஜெயித்தான், 'பிறவி ஆட்டக்காரன்' ஆனான், பிளாஸ்டர் தேடினான்.

சதுரங்கத்தில் டெஷாப்பெல் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய ஆட்டக்காரர். சரிக்குச் சரி ஆடுவதைவிட, ஒரு சிப்பாயையும் முதல் நகர்த்தலையும் எதிராளிக்கு விட்டுக்கொடுத்து ஆடவே விரும்புவார். ஜெயித்தால் பெருமை இரண்டு மடங்கு, தோற்றால் 'காய் குறைவாகத்தானே ஆடினேன்.' அவருடைய பிளாஸ்டர் அது. ஹேண்ட்போனில் போட்டி போடும் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன்பே 'எனக்கு லைன் ஸ்லோ' என்பதும் அதே பிளாஸ்டர்தான்.

மழை பெய்தால் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவ முடியாது. அது காரணம். சீவப் போக பயந்து, நேற்றே கத்தியை மொட்டையாக்கி வைத்தால் அது சாக்கு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பெற்றோருக்கு நிறையச் சொல்ல வேண்டும் என்று எழுதி வந்தேன், சரி, ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிள்ளை கோப்பையோடு வீட்டுக்கு வந்தால் 'நீ கில்லாடி' என்பதோடு நிறுத்தாமல், 'அந்தக் கடைசிக் காயை எப்படி எடுத்தே?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால், அவனுக்கு அடுத்த ஆட்டத்தில் பயம் குறையும். தோற்று வந்தால் விரலைப் பார்க்க வேண்டாம், அப்போதும் காயைப் பற்றியே கேளுங்கள். நன்றி, வணக்கம்.