பாறையை அளந்த கை

(கோலாலம்பூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பள்ளிச் சீருடையோடே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவர் இயக்குநராகவோ ஆலோசகராகவோ பதவி ஏற்றால் நம்மிடையே உடனே ஒரு பேச்சு எழும். "போச்சு, இனி அவர் கோப்புகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்." இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்ல, தாராஷா நொஷெர்வான் வாடியா என்ற நிலவியலாளரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

வாடியா 1883இல் சூரத்தில் பிறந்த பார்சி. பரோடாவில் படித்தார். வெளிநாட்டுப் பட்டம் எதுவும் கிடையாது. 1907இல் ஜம்முவில் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். விடுமுறை வந்துவிட்டால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். சிவாலிக் குன்றுகளில் மூன்று மீட்டர் நீளமுள்ள யானைத் தந்தம் ஒன்று புதைபடிவமாக அவருக்குக் கிடைத்தது. அந்த அழிந்துபோன யானை இனத்துக்கு அறிவியலில் 'ஸ்டெகோடான் கணேசா' என்று பெயர். ஆமாம், நம் பிள்ளையாரேதான். ஜம்முவில் இருந்தபடியே இந்திய நிலவியலுக்கு ஒரு பாடநூல் எழுதினார். 1919இல் வெளிவந்த அந்த நூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். 1921இல், 38 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அந்த வயதில் புதிய வேலையில் சேர்ந்து, கூடாரமும் கோவேறு கழுதையுமாக மலை மலையாக நடக்கத் துணிவு வேண்டும்.

அவர் கைவைத்த துறை கட்டமைப்பு நிலவியல். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை விசிறி மடிக்கும்போது அடியில் இருந்தது மேலே வந்துவிடும். வெந்த ரொட்டியைப் பார்த்து, அவர் கை எந்தப் பக்கமிருந்து எப்படி மடித்தது என்று திரும்பச் சொல்ல முடியுமா? பாறையில் அதைச் செய்வதுதான் இந்தத் துறை. கடலடியில் படுக்கையாகப் படிந்த அடுக்குகள் எப்படி வளைந்தன, எங்கே ஒடிந்தன, எது எதன்மேல் ஏறி உட்கார்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கருவி என்று பார்த்தால் சுத்தியல், திசைகாட்டி, சாய்வுமானி, அப்புறம் கால்கள்.

காஷ்மீரிலும் ஹசாராவிலும் பல ஆண்டுகள் நடந்த பிறகு, 1931இல் வாடியா தம் பெரிய ஆய்வை வெளியிட்டார். இமயமலை வடமேற்காகவே ஓடி வந்து, நங்க பர்பத் அருகே, சிந்து நதிப் பக்கம், சட்டென்று தெற்கே திரும்பிவிடுகிறது. வெவ்வேறு மலைத்தொடர்கள் அங்கே வந்து முட்டிக்கொள்கின்றனவா, அல்லது ஒரே தொடர்தான் வளைகிறதா? வாடியா ஒவ்வோர் அடுக்காகப் பின்தொடர்ந்து போனார். அதே பாறைகள், அதே வரிசையில், வளைவைச் சுற்றி மறுபக்கம் வந்தன. ஆக, ஒரே தொடர்தான். தென்னிந்தியத் தீபகற்பத்தின் பழம்பாறை ஒரு நாக்குப்போல் வடக்கே நீண்டு நிற்கிறது, மலை அதன்மேல் மோதி வளைந்தது என்று விளக்கினார். கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை நிலைபெற்றது 1960களில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் காலையும் கண்ணையும் நம்பி ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். இதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

1938இல் 55 வயது. ஓய்வு. அதோடு முடிந்ததா? இலங்கை அரசு அவரைக் கனிமவியலாளராக அழைத்துக்கொண்டது. தீவின் நிலம் கரையோரச் சமவெளியிலிருந்து நுவரெலியா வரை மூன்று படிகளாக ஏறுவதை அவர் விளக்கி எழுதியது அங்கே இருந்தபோது செய்த வேலை. யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்கள் இந்த அவையிலும் உண்டு. உங்கள் ஊர் முதல் படியில் இருக்கிறது.

நான் இன்று பேச வந்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1940களின் நடுவில் இந்தியா திரும்பி, அரசின் நிலவியல் ஆலோசகரானார். நாடு விடுதலை பெறும் நேரம். என்ன கனிமம் எங்கே இருக்கிறது, யார் தோண்டலாம், எவ்வளவு வெளியே போகலாம் என்று எல்லாவற்றுக்கும் கொள்கை தேவைப்பட்டது. பிறகு சுரங்கத் துறைக்குத் தலைவர். 1949இல் அணுசக்திக்கான கனிமங்களைத் தேட ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் பொறுப்பும் இவரிடம் வந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில், அணுசக்திக்கு உதவும் தோரியம் உண்டு. இங்கே பேராக்கில் வெள்ளீயம் கழுவிய பிறகு ஒதுக்கிப்போட்ட அமாங் மணலிலும் அதே மோனசைட் இருக்கிறது. ஆனால் யுரேனியத்துக்கு எங்கே போவது? 1951இல், இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கும் ஜாதுகுடாவில் கிடைத்தது. சிங்பூம் பகுதியில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நசுங்கிய ஒரு நீண்ட பட்டை இருக்கிறது. தாது அந்தப் பட்டையை ஒட்டித்தான் கிடக்கிறது. பாறை எங்கே நசுங்கியிருக்கும், தாதுவைச் சுமந்த திரவம் எந்த வழியாக ஏறியிருக்கும் என்பது கட்டமைப்பு நிலவியலாளருக்கு அன்றாடக் கேள்வி. அந்த நாற்காலியில் அப்படி ஒருவர் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தச் சுரங்கத்தைச் சுற்றி வாழும் ஆதிவாசி மக்கள் தங்கள் உடல்நலம் பற்றி எழுப்பிய குறைகளையும் நான் மறக்கவில்லை. அதற்கு இன்னொரு நாள் தனியாகப் பேச வேண்டும்.

1968இல் இமயமலை நிலவியலுக்கென்றே ஒரு நிறுவனம் டில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொடங்கி வைத்து நடத்த முன்வந்தவருக்கு வயது 84. மறு ஆண்டு காலமானார். அந்த நிறுவனம் 1976இல் டேராடூனுக்குப் போனது. இன்று அவர் பெயரைத் தாங்கி, பனியாறுகளையும் நிலநடுக்கங்களையும் நிலச்சரிவுகளையும் ஆராய்கிறது. ஒரு மனிதர் தனியாக எத்தனை பள்ளத்தாக்கை நடந்து அளக்க முடியும்? அவர் அமைத்த அலுவலகம் அவருக்குப் பின்னும் ஆட்களை மலைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நிர்வாகத்துக்குப் போனதால் அறிவியல் அவரை இழந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

சரி, நம் ஊருக்கு வருவோம். 1993 டிசம்பர் 11 இங்கே பெரியவர்கள் யாருக்கும் மறக்காது. உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறக் குன்றில் வடிகால் சரியில்லை, மழைநீர் இறங்கி மண்ணைத் தாங்கிய சுவர்கள் சரிந்தன. அடுத்து 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் நெடுஞ்சாலைமேல் பாறை சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சாலை சுமார் ஆறு மாதம் மூடிக் கிடந்தது. அங்கே பாறைக்குள் ஒன்றையொன்று வெட்டும் வெடிப்புகள் இருந்தன. இரண்டு வெடிப்புகள் சாலைப் பக்கம் சாய்ந்தபடி சந்தித்தால், நடுவில் உள்ள பாறை ஆப்புப்போல் நழுவி இறங்கும். வாடியா இமயத்தில் அளந்த அதே சாய்வையும் திசையையும்தான் இங்கேயும் அளக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பொதுப்பணித் துறையில் மலைச்சரிவுகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு வந்தது. 2008இல் நிலவியலாளர் சட்டமும் நிறைவேறியது. இவையெல்லாம் நிர்வாக வேலைதான், யாரோ உட்கார்ந்து எழுதி, வாதாடி, ஒதுக்கீடு வாங்கியதால் வந்தவை. இருந்தும் 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் முகாம் போட்டிருந்த 31 பேரை நிலச்சரிவில் இழந்தோம். குன்றோரம் ஒரு தாமானுக்கோ (குடியிருப்புக்கோ) முகாமுக்கோ அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அந்த மேசையில் பாறையைத் தொட்டு அளந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தில் கோடாகத் தெரிவது தரையில் என்ன என்று அவருக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் அங்கிருந்துதான் வரும்.

பெற்றோர்களே, "நிலவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பெட்ரோலியம், சுரங்கப் பாதை, அணை, சரிவு, நிலத்தடி நீர் என்று வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் பாறையோடு மட்டும் நின்றுவிடாமல் முடிவெடுக்கும் அறைக்குள்ளும் போக வேண்டும் என்பது என் ஆசை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சபாவிலும் இந்தப் பாடம் இருக்கிறது. எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பாடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.