பழைய கணினிக்குக் கூடுதல் நினைவகம்

நேயர்களுக்கு வணக்கம்.

வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இயங்கிய வீட்டுக் கணினி, சில ஆண்டுகளில் ஒரு கடிதத்தைத் திறப்பதற்கே நம் பொறுமையைச் சோதிக்கத் தொடங்கினால், ‘ரேமைக் கூட்டுங்கள், சரியாகிவிடும்’ என்ற யோசனை எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும். பல நேரங்களில் அது நல்ல யோசனைதான். ஆனால் ரேம் எனப்படும் இந்த நினைவகம் போதாமல் திணறும் கணினிக்கு மட்டுமே அது மருந்து. வேறு காரணத்தால் திணறும் கணினியில் எவ்வளவு ரேம் போட்டாலும் செலவுதான் மிஞ்சும்.

நாம் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும், அதில் நாம் கையாளும் படமும் கணக்கும், இயங்கும் நேரத்தில் ரேமில் இருந்தாக வேண்டும். அங்கே இடம் போதாதபோது விண்டோஸ் போன்ற இயக்க முறைமை, சிறிது நேரமாகத் தொடப்படாத பகுதிகளை ஹார்ட் டிஸ்கில் இதற்கென்றே வைத்திருக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, மீண்டும் தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்து வருகிறது. வேகம் கெடுவது இந்தப் போக்குவரத்தில்தான். ரேமிலிருந்து ஒரு தகவலைப் பெற ஏறக்குறைய 100 நானோ விநாடி போதும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதன் படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், வேறுபாடு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிஸ்கின் சிறுவிளக்கு விடாமல் மினுக்குவதும், மவுஸ் அம்புக்குறி நின்று நின்று நகர்வதும் இதன் வெளித்தோற்றங்கள்.

உங்கள் கணினியின் நோய் இதுதானா என்று அறியக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். கணினியை இயக்கிய உடனே அல்ல. நீங்கள் அன்றாடம் திறந்து வைக்கும் பிரவுசர் பக்கங்களையும் மென்பொருள்களையும் திறந்து வைத்துவிட்டு, கணினி திணறும் வேளையில் பார்க்க வேண்டும். மெமரி 90 சதவீதத்தை ஒட்டி நின்று, டிஸ்கும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். மெமரியில் பாதி சும்மா கிடக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதே சரியான வழி. கணினியின் மூளையான ப்ராசஸர் (அங்கே ‘சிபியு’ என்றிருக்கும்) 100 சதவீதத்தில் நின்றால், இவ்விரண்டாலும் பெரிய பயன் இராது. நினைவகத்தைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. ரேமில் இருப்பதை அவை வலிந்து வெளியே தள்ளுகின்றன. அடுத்த நிமிடமே கணினி அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பழைய கணினிகளில் இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால், வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்புகளில் அதனால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாது. அந்த எல்லைக்குள்ளும் ஒரு பகுதி கிராஃபிக்ஸ் முதலியவற்றுக்குப் போய்விடுவதால், கைக்கு எட்டுவது பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஜிபிதான். அத்தகைய கணினியில் 8 ஜிபி போடுவதற்கு முன் 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவியாக வேண்டும். அதற்கும் முன்பாக, உங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வகை. ரேம் வகைகளில் 2007-இல் வந்த டிடிஆர்3-உம் 2014-இல் வந்த டிடிஆர்4-உம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. ரேம் பலகையின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதே, தவறி மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் அந்த வெட்டு காப்பாற்றாத ஓர் இடமும் இருக்கிறது. 1.5 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3-உம், 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல்-உம் தோற்றத்தில் ஒன்றே. குறைந்த வோல்ட்டை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் முன்னது கச்சிதமாகப் பொருந்தும், கணினி உயிர் பெறாது. எனவே இருக்கிற ரேமைக் கழற்றி அதன் மேல் ஒட்டியுள்ள தாளைப் படித்துக்கொண்டு, கணினியின் உறுப்புகளெல்லாம் பொருந்தும் மதர்போர்டு அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும்; தனி ஸ்லாட்டும் இல்லையென்றால் அங்கே கூட்ட வழியில்லை. எவ்வளவு போதும் என்று கேட்டால், 4 ஜிபியை 8 ஆக்குவது அன்றாட வேலையில் தெளிவாக உணரக்கூடிய மாற்றம். கடிதமும் இணையமும் மட்டும் போதும் என்பவர் 8-ஐ 16 ஆக்கினால் பெரும்பாலும் எந்த வேறுபாட்டையும் காண மாட்டார்.

பொருத்துவது எளிது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினியாயின் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள். ரேமை ஓரங்களில் பிடித்து, வெட்டைப் பார்த்து நேராக நிறுத்தி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்தினால் பக்கவாட்டுக் கொக்கிகள் ‘டக்’கென்று தாமாகவே பூட்டிக்கொள்ளும். புதியவர்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகமான அழுத்தமே இதற்குத் தேவைப்படுகிறது. மடிக்கணினியில் ரேமைச் சாய்வாகச் செருகி, பொன்னிறத் தொடுமுனைகள் உள்ளே மறைந்த பிறகு கீழே அமர்த்த வேண்டும். பெட்டியைத் திறந்த கையோடு விசிறியில் படிந்த தூசியையும் நீக்கிவிடுங்கள். சூடேறிய ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இயக்கியவுடன் பீப் ஒலி கேட்டு, திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ரேம் முழுமையாக உட்காரவில்லை என்பதே பொருள், கழற்றி மீண்டும் செருகுங்கள். எல்லாம் சரியாக வந்தால், விண்டோஸுடனேயே வரும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள். சோதனை பிழை காட்டினால் புதிய ரேமைக் கடைக்காரரிடம் உடனே மாற்றிக்கொள்ளலாம். அதுவரை பழைய ரேமை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.