மகதலேனா மரியாள் விபசாரி என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

அடுத்த கேள்வி, ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும் ஒரு சகோதரி எழுதியது. வாசிக்கிறேன்: "மகதலேனா மரியாள் விபசாரியாக இருந்து மனந்திரும்பியவள் என்று சிறு வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டு வருகிறேன். பிள்ளைகளுக்கு அந்த வசனத்தைக் காட்டலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?"

சகோதரி, உங்களுக்குக் கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒரு வசனம் இல்லை என்பதுதான். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றிலும் இல்லை. நிருபங்களிலும் இல்லை.

வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் லூக்கா 7-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 36-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். சீமோன் என்ற பரிசேயன் வீட்டில் இயேசு பந்தியிருக்கிறார். "பாவியாகிய ஒரு ஸ்திரீ" பரிமளதைலத்தோடு வந்து, அவருடைய பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, தலைமயிரால் துடைத்து, தைலம் பூசுகிறாள். அவள் பெயரை லூக்கா எழுதவில்லை. அவள் செய்த பாவம் என்ன என்பதையும் எழுதவில்லை. அது விபசாரமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். இதே லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் பேதுரு இயேசுவின் முழங்காலில் விழுந்து, "நான் பாவியான மனுஷன்" என்கிறார். பேதுருவின் பாவம் விபசாரம்தான் என்று எந்தப் பிரசங்கியாராவது சொல்லியிருக்கிறாரா? ஆணைப் பாவி என்றால் பொதுவான பாவம், பெண்ணைப் பாவி என்றால் அந்த ஒரே பாவம். இந்த அளவுகோல் வேதத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. சொல்ல வேதனையாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்தச் சம்பவம் 7-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தோடு முடிந்துவிடுகிறது. 8-ஆம் அதிகாரம் தொடங்கும்போது, இயேசுவோடு ஊர் ஊராகப் போன பெண்களின் பெயர்களை லூக்கா தருகிறார். ஏழு பிசாசுகள் நீங்கின மகதலேனாள் என்னப்பட்ட மரியாள், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் அநேகர். "தங்கள் ஆஸ்திகளால்" அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்கிறார். மரியாள் இந்த இடத்தில்தான் முதன்முதலாக அறிமுகமாகிறாள். சற்று முன் சொன்ன பெண் இவளேதான் என்றால், அதைச் சொல்ல லூக்காவுக்கு ஒரு வரி போதும். அவர் சொல்லவில்லை.

"ஏழு பிசாசுகள் இருந்தனவே, அதற்கு என்ன அர்த்தம்?" என்று சிலர் கேட்பார்கள். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்த மனிதன் வருகிறான். கல்லறைகளில் குடியிருந்து, தன்னைக் கற்களால் காயப்படுத்திக்கொண்டவன். அவனை ஒழுக்கம் கெட்டவன் என்று யாரும் சொல்வதில்லை, பரிதாபப்படுகிறோம். மாற்கு 9-இல் சிறு வயதிலிருந்தே ஆவியால் அலைக்கழிக்கப்பட்ட ஒரு பையன் வருகிறான். சுவிசேஷங்களில் பிசாசின் பிடி ஒரு துன்பமாகவே பேசப்படுகிறது. லூக்காவும் மரியாளைப் பொல்லாத ஆவிகளிலிருந்தும் வியாதிகளிலிருந்தும் குணமானவர்களோடு சேர்த்துத்தான் எழுதுகிறார்.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு முக்கியமான தேதி இருக்கிறது. 591-ஆம் ஆண்டு ரோமாபுரியில் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கம் செய்தார். லூக்கா 7-இன் பெயரில்லாத பெண்ணையும், யோவான் 12-இல் தைலம் பூசும் பெத்தானியா ஊர் மரியாளையும், மகதலேனா மரியாளையும் ஒரே ஆளாக்கினார். ஏழு பிசாசுகள் என்பவை எல்லாத் தீய குணங்களுக்கும் அடையாளம் என்றும் விளக்கினார். எவ்வளவு பெரிய பாவிக்கும் மன்னிப்பு உண்டு என்று ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுப்பதே அவருடைய நோக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு பெண்ணின் பெயர் விலையாகிவிட்டது. மேற்கு ஐரோப்பாவின் ஓவியர்கள் அவளை அவிழ்ந்த கூந்தலோடும் கண்ணீரோடும் வரைந்து வரைந்து அதையே நிலைநிறுத்தினார்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையோ மூவரையும் ஒன்றாக்கவே இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அயர்லாந்தில் "விழுந்துபோன பெண்கள்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைத்துவைத்து, கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்த இல்லங்களுக்கு இவளுடைய பெயரே வழங்கியது. அவற்றில் கடைசி இல்லம் மூடப்பட்டது 1996-இல்தான். 2013-இல் அந்த நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது இந்தக் குழப்பத்தையும் சரிசெய்தது. ஜூலை 22, அவளுடைய நினைவு நாள். அதுவரை அன்று லூக்கா 7-இல் வரும் பாவியான பெண்ணின் பகுதி வாசிக்கப்பட்டது. அதன் பிறகு யோவான் 20 வாசிக்கப்படுகிறது. 2016-இல் போப் பிரான்சிஸ் அந்த நாளை அப்போஸ்தலர்களுடைய திருநாட்களுக்கு இணையாக உயர்த்தினார். நம்முடைய மேடைகளில்தான் இன்னும் 591-ஆம் ஆண்டுப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இயேசுவின் மனைவி என்ற பேச்சைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

வேதம் அவளைப் பற்றி உண்மையில் சொல்வதைக் கேளுங்கள். சீஷர்கள் ஓடிப்போன பிறகும் அவள் சிலுவையருகே நின்றாள். அடக்கம்பண்ணின இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். வாரத்தின் முதல் நாள், இருட்டோடே கல்லறைக்குப் போனாள். உயிர்த்தெழுந்தவர் முதலில் தரிசனமானது அவளுக்குத்தான், மாற்கு 16:9 அதை நேராகவே சொல்கிறது. "என் சகோதரரிடத்திற்குப் போய்" சொல் என்று அவளைத்தான் அனுப்பினார். அவளும் மற்றப் பெண்களும் போய்ச் சொன்னபோது, அப்போஸ்தலர்களுக்கு அது "வீண்பேச்சாக" தோன்றியது என்று லூக்கா 24:11 சொல்கிறது. அன்று அவளுடைய வார்த்தையை நம்பவில்லை. பிற்பாடு அவளுடைய நடத்தையையே கெடுத்துப் பேசினோம். இந்த இரண்டாவது காரியத்துக்கு வேதம் பொறுப்பாகாது.

சகோதரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதுதானே உங்கள் கவலை? யோவான் 20-ஆம் அதிகாரம் 1 முதல் 18 வரை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுவதையும், அவர் "மரியாளே" என்று கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்ப்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்கு முன் அவள் யாராக இருந்தாள் என்று ஒரு பிள்ளை கேட்டால், லூக்கா 8:2-ஐ வாசித்துக் காட்டுங்கள். "கஷ்டத்தில் இருந்தாள், இயேசு அவளைக் குணமாக்கினார்" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.